கேஸ் ஸ்டடி + இணையப் பாடங்கள்: வகுப்பில் எதை முன்னால் கொடுப்பது, எதைப் பின்னால் கொடுப்பது?

#1 சுண்ணக்கட்டி

வணக்கம். கேஸ் ஸ்டடியையும் இணையத்தில் கிடைக்கும் வீடியோ, சிமுலேஷன், திறந்த பாடநூல் போன்றவற்றையும் சேர்த்துப் பாடம் நடத்துகிறவர்களிடம் சில கேள்விகள்.

பெரும்பாலும் கையாளப்படும் முறை இது: இரண்டு மூன்று பக்கத்தில் ஒரு நேர்வு (அதாவது கேஸ்), கீழே நான்கைந்து இணைப்புகள், கடைசியில் "விவாதிக்கவும்" என்று ஐந்து கேள்வி. மாணவர்கள் இணைப்பைத்தான் முதலில் திறக்கிறார்கள். முடிவு அங்கேயே தெரிந்துபோகிறது. அப்புறம் விவாதிக்க என்ன மிச்சம்? நன்றாகப் பேசக்கூடிய மூன்று பேர் பேசுவார்கள், மற்றவர்கள் எழுதிக்கொள்வார்கள்.

நேர்வை எப்படிப் பிரிப்பது? இணையப் பொருள் எந்தக் கட்டத்தில் வர வேண்டும்? 60 பேர் வகுப்பில் இது நடக்குமா? மதிப்பெண் எதற்குப் போடுவது? ஒரு உண்மையான எடுத்துக்காட்டை வைத்துச் சொன்னால் எல்லோருக்கும் பயன்படும்.

#2 நீரோட்டம்

சிக்கல் இணைப்பில் இல்லை, நேர்வின் கட்டமைப்பில் இருக்கிறது. நடந்து முடிந்த கதையைக் கொடுத்தால் அது வாசிப்புப் பாடம். ஒருவர் அரைகுறைத் தகவலோடு, நாள் நெருங்கும்போது, முடிவெடுக்க வேண்டிய இடத்தில் மாணவரைக் கொண்டுபோய் நிறுத்தினால்தான் அது நேர்வு. 1870இல் ஹார்வர்டு சட்டக் கல்லூரியில் பேராசிரியர் லாங்டெல் நீதிமன்றத் தீர்ப்புகளையே மாணவர் கையில் கொடுத்துக் கேள்வி கேட்கத் தொடங்கியபோதும், மாணவர் தாமே விதியைத் தோண்டி எடுக்க வேண்டும் என்பதுதான் எண்ணம்.

அறிவியல் வகுப்புக்கு மிகவும் பொருந்துவது "இடைநிறுத்த நேர்வு". பஃபலோ பல்கலைக்கழகத்தில் கிளைட் ஹெரெய்ட் இதைப் பரவலாக்கினார். ஒரு பக்கம் கொடு, நிறுத்து, கேள், முடிவெடுக்கச் சொல். அப்புறம்தான் அடுத்த பக்கம்.

எடுத்துக்காட்டு: லண்டன், 1854 காலரா. காலரா தண்ணீரால் பரவுகிறது என்று வாதிட்ட மருத்துவர் ஜான் ஸ்னோ, அவர் சந்தேகப்பட்ட பிராட் தெரு அடிபம்பு. தரவு பொதுவெளியில் இருக்கிறது, பதிப்புரிமைச் சிக்கல் கிடையாது. இரண்டு 45 நிமிட வகுப்புக்கு ஐந்து தாள்:

தாள் 1: ஆகஸ்ட் 31இல் தொடங்கி, பத்து நாளுக்குள் ஒரே சுற்றுவட்டாரத்தில் 500க்கும் மேற்பட்டோர் இறக்கிறார்கள். நோய்க்குக் காரணம் கெட்ட காற்று என்பதே அன்றைய பெரும்பான்மைக் கருத்து. பாக்டீரியா பற்றிய பேச்சே இல்லை. கேள்வி ஒன்றே ஒன்று: நாளைக் காலை எந்தத் தகவலைத் திரட்டப் போவீர்கள், ஏன்? (7 நிமிடம்)

தாள் 2: இறப்புகளைக் குறித்த வரைபடம், பம்புகளின் இடத்தோடு. ஸ்னோ பெயர் தாளில் வரக் கூடாது. கேள்வி: இந்தப் படம் தண்ணீர்தான் காரணம் என்று நிரூபிக்கிறதா? (12 நிமிடம்)

இந்த இடத்தில்தான் பாடமே இருக்கிறது. ஏறக்குறைய எல்லாக் குழுவும் "ஆமாம், பம்பைச் சுற்றித்தானே இறப்பு" என்று சொல்லும். அவசரப்பட்டுத் திருத்தாதீர்கள். "பம்புக்குப் பக்கத்தில் ஒரு சாக்கடையிலிருந்து கெட்ட காற்று வந்திருந்தால் படம் எப்படி இருந்திருக்கும்?" என்று மட்டும் கேளுங்கள். இதே மாதிரிதான் இருந்திருக்கும். வரைபடம் இரண்டு கருத்தையும் பிரித்துக் காட்டவில்லை என்பது அவர்களுக்கே புலப்பட வேண்டும். வகுப்பு அமைதியாகிவிடும். அந்த அமைதியை ஒரு நிமிடமாவது கலைக்காமல் விடுங்கள்.

தாள் 3: விதிவிலக்குகள். பக்கத்திலேயே 535 பேர் தங்கியிருந்த ஏழைகள் விடுதியில் ஐந்தே இறப்பு, அங்கே சொந்தக் கிணறு. அதே தெருவில் 70க்கும் மேற்பட்டோர் வேலை பார்த்த பீர் ஆலையில் காலராவால் ஒருவர்கூட இறக்கவில்லை. மைல்கணக்கில் தள்ளி ஹாம்ப்ஸ்டெட்டில் இருந்த ஒரு மூதாட்டி இறக்கிறார். பிராட் தெருத் தண்ணீரின் ருசி பிடித்ததால் தினமும் வண்டியில் வரவழைத்துக் குடித்தவர் அவர். கேள்வி: இந்த மூன்றில் கெட்ட காற்றுக் கருத்தை அதிகம் ஆட்டம் காண வைப்பது எது? (15 நிமிடம்)

தாள் 4: நாள்வாரி எண்ணிக்கை. செப்டம்பர் 1இல் நோய் தொடங்கிப் பின்னர் இறந்தவர்கள் 143. செப்டம்பர் 8இல் அது 12. பம்பின் கைப்பிடியைக் கழற்றியது செப்டம்பர் 8. கேள்வி: கைப்பிடியைக் கழற்றியதால்தான் காலரா நின்றதா?

தாள் 5: இரண்டு தண்ணீர்க் கம்பெனிகளின் அட்டவணை. எந்தக் கம்பெனியின் தண்ணீர் போன வீடுகளில் எத்தனை இறப்பு என்று ஸ்னோ பார்த்த வேறு ஆய்வு இது. தாள் 4இல் எழும் சந்தேகத்துக்கு இதுதான் மருந்து.

இணையத்தில் கிடைக்கும் வீடியோக்களில் பல "கைப்பிடியைக் கழற்றினார், காலரா நின்றது" என்றுதான் சொல்கின்றன. கொள்ளைநோய் அதற்கு முன்பே இறங்கிவிட்டது. ஊரைவிட்டு மக்கள் ஓடியதும் காரணமாக இருக்கலாம் என்று ஸ்னோவே எழுதியிருக்கிறார். ஆகவே வீடியோவைக் கடைசியில் காட்டுங்கள், "இதில் எந்த வாக்கியம் தரவோடு ஒட்டவில்லை?" என்ற கேள்வியோடு.

#3 எண்கணக்கு

தாள் 5 பற்றிக் கொஞ்சம் விரிவாக. ஸ்னோவின் நூலில் உள்ள மூல அட்டவணை இப்படி: சவுத்வார்க்–வாக்ஸ்ஹால் கம்பெனி 40,046 வீடு, 1,263 இறப்பு. லாம்பெத் கம்பெனி 26,107 வீடு, 98 இறப்பு. லண்டனின் மற்ற பகுதி 2,56,423 வீடு, 1,422 இறப்பு. 10,000 வீட்டுக்கு இத்தனை என்ற கடைசிப் பத்தியை வெள்ளையடித்துவிட்டு மற்றதைக் கொடுங்கள். மாணவர்களே வகுத்துப் பார்க்கட்டும்.

முதல் வரிசைக்கு 315 வரும், இரண்டாவதற்கு 37.5. மூல நூலிலும் 315, 37 என்றே இருக்கிறது. மூன்றாவதற்குக் கணக்குப் போட்டால் 55 வருகிறது. நூலில் அச்சாகியிருப்பது 59. கவனமாகக் கணக்குப் போட்ட பிள்ளை "என் விடை தப்பா சார்?" என்று வந்து நிற்கும். "இல்லை, உன் விடைதான் சரி. அச்சில் இருப்பதைச் சரிபார்" என்று சொல்லக் கிடைக்கும் வாய்ப்பு இது, தவற விடாதீர்கள். இணையத்தில் பல பக்கங்கள் அந்த 59ஐ அப்படியே நகலெடுத்துப் போட்டிருக்கின்றன. மூலத்தைத் தேடிப் பார்ப்பது ஏன் வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது.

இன்னொன்று. இரண்டு கம்பெனிக் குழாயும் ஒரே தெருவில், அடுத்தடுத்த வீட்டுக்குப் போயின. காற்று ஒன்று, தெரு ஒன்று, தண்ணீர் மட்டும் வேறு. இந்த ஒரு வரியைத் தாளில் அச்சிடாமல், குழுக்கள் கேட்டால் மட்டும் சொல்லுங்கள். கேட்கத் தெரிந்த குழு எது என்று அப்போது தெரிந்துவிடும்.

#4 முதல்வரிசை

நீரோட்டம் சொன்னது நன்றாக இருக்கிறது. ஆனால் ஒரு மறுப்பு. விகிதம் என்றால் என்ன என்றே உறுதியாகத் தெரியாத மாணவரிடம் தாள் 5ஐக் கொடுத்தால் விவாதம் வராது, திணறல்தான் வரும். புதிதாகக் கற்பவருக்கு அடிப்படையை நேரடியாக விளக்கிச் சொல்லாமல் "நீயே கண்டுபிடி" என்று விடுவது நேரவிரயம். நேர்வு முறையை ஆதரிப்பவர்கள் இதைப் போதிய அளவு பேசுவதில்லை.

#5 நீரோட்டம்

ஒத்துக்கொள்கிறேன். சுண்ணக்கட்டி கேட்ட "எது முன்னால், எது பின்னால்" என்பதற்கான விடையும் இதற்குள்தான் இருக்கிறது. இணையப் பொருளை இரண்டாகப் பிரியுங்கள். கருவியைச் சொல்லித்தரும் பொருள் நேர்வுக்கு முன்னால். நேர்வைப் பற்றியே பேசும் பொருள் நேர்வுக்குப் பின்னால். 10,000க்கு எத்தனை என்று விகிதம் போடுவது, புள்ளி வரைபடத்தைப் படிப்பது, இவை கருவிகள். இதற்கு ஐந்து நிமிட வீடியோ ஒன்று, நான்கு கேள்விப் பயிற்சி ஒன்று, முந்தைய நாளே. நான்கில் மூன்று சரியாகப் போடாதவர் நேர்வு நாளன்று தடுமாறுவார். அவர்களைத் தனித்தனியாகப் பிரித்து, கணக்குத் தெரிந்தவர் இருக்கும் குழுவில் சேர்த்துவிடுங்கள்.

#6 கற்றல்மேடை

இணையப் பக்கம் மட்டும் சொல்கிறேன்.

வீடியோ நீளம்: எட்எக்ஸ் என்ற இணையப் பாடத் தளத்தின் பாடங்களில் சுமார் 69 லட்சம் பார்வைப் பதிவுகளை ஆராய்ந்து 2014இல் வந்த ஆய்வுதான் "ஆறு நிமிடத்துக்குள் வைத்துக்கொள்" என்ற அறிவுரைக்கு மூலம். அது அளந்தது எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்பதை, எவ்வளவு கற்றார்கள் என்பதை அல்ல. எனவே பன்னிரண்டு நிமிட நல்ல வீடியோவைத் தூக்கி எறிய வேண்டாம். இரண்டாக வெட்டி நடுவில் ஒரு கேள்வி வையுங்கள். ஹெச்5பி என்ற இலவசக் கருவியின் ஊடாட்ட வீடியோவில் குறிப்பிட்ட விநாடியில் கேள்வி தோன்றும்படி வைக்கலாம். யூடியூபைப் பக்கத்தில் பதிக்கும்போது தொடக்க விநாடி, முடிவு விநாடி இரண்டையும் முகவரியில் கொடுக்கலாம். வெறும் பகிர்வு இணைப்பில் தொடக்கம் மட்டுமே வேலை செய்யும்.

மூடில் (இணைய வகுப்பை நடத்த உதவும் மென்பொருள்) வைத்திருப்பவர்கள்: தாள் 2ஐ "அணுகல் கட்டுப்பாடு" போட்டுப் பூட்டுங்கள், தாள் 1இன் விடையைச் சமர்ப்பித்தால் மட்டும் திறக்கட்டும். முதலில் செயல்பாட்டு நிறைவு (மாணவர் ஒரு வேலையை முடித்ததைக் குறிக்கும் வசதி) என்பதை இயக்கி, "சமர்ப்பித்தால் நிறைவு" என்று தேர்ந்தெடுக்க வேண்டும். "பார்த்தால் நிறைவு" என்று விட்டுவிட்டால் மாணவர் திறந்து மூடியதுமே அடுத்தது திறந்துகொள்ளும். பலரும் சறுக்கும் இடம் இது.

கேள்வி–பதில் வகை மன்றம் இதற்கென்றே செய்ததுபோல் இருக்கும், தான் எழுதிய பிறகுதான் மற்றவர் எழுதியது தெரியும். ஆனால் ஒரு பொறி உண்டு. எழுதியதைத் திருத்திக்கொள்ளத் தரும் நேரம் முடியும் வரை மற்ற பதில்கள் தெரியாது. இயல்பாக அது 30 நிமிடம். 45 நிமிட வகுப்பில் வைத்தால் எல்லோரும் எழுதிவிட்டு வெறும் திரையைப் பார்த்துக்கொண்டு இருப்பார்கள். அந்த நேரத்தைத் தள நிர்வாகிதான் குறைக்க முடியும். முன்னாலேயே கேட்டு வாங்குங்கள், இல்லையென்றால் இந்த மன்றத்தை வீட்டுவேலைக்கு மட்டும் வையுங்கள்.

சிமுலேஷன்: கொலராடோ பல்கலைக்கழகத்தில் கார்ல் வீமன் 2002இல் தொடங்கிய ஃபெட் திட்டத்தின் பல சிமுலேஷன்கள் தமிழிலும் உண்டு. ஹெச்டிஎம்எல்5இல் இருப்பவற்றைக் கோப்பாக இறக்கி இணையம் இல்லாமலும் ஓட்டலாம். பழைய பாடத்திட்டக் குறிப்புகளில் உள்ள ஃபிளாஷ் கோப்புகள் 2020 முடிவோடு போயின, அவற்றின் இணைப்பைத் தூக்கிவிடுங்கள். சிமுலேஷனில் உள்ள இழுவையை (ஸ்லைடர்) நகர்த்தும் முன் "என்ன ஆகும்?" என்று கணிப்பை எழுத வைக்க வேண்டும். எழுதாமல் விட்டால் பிள்ளைகள் பொத்தானை அழுத்தி விளையாடிவிட்டுப் போய்விடுவார்கள்.

செத்த இணைப்பு: வகுப்புக்கு முந்தைய நாள், மாணவர் கணக்கில் உள்நுழைந்து எல்லா இணைப்பையும் திறந்து பாருங்கள். ஆசிரியர் கணக்கில் திறப்பது மாணவர் கணக்கில் திறக்காமல் போகலாம். முக்கியமான பக்கத்தை இணையக் காப்பகத்தின் வேபேக் மெஷினில் சேமித்து அந்த முகவரியையும் கொடுங்கள். கடைசித் தற்காப்பு, அச்சுத்தாள்.

#7 சுண்ணக்கட்டி

மிக்க நன்றி. ஆங்கில நேர்வுகளையும் திறந்த பாடநூல்களையும் தமிழாக்கிக் கொடுக்கலாமா? உரிமம் எப்படி?

#8 உரிமப்பக்கம்

கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் ஆறு வகை. மொழிபெயர்ப்பவர் பார்க்க வேண்டியது மூன்றே விஷயம். "மாற்றம் கூடாது" என்ற நிபந்தனை இருந்தால், தமிழாக்கிப் பிறருக்குப் பகிர அனுமதி இல்லை, ஏனென்றால் மொழிபெயர்ப்பும் மாற்றம்தான். "அதே உரிமம்" என்றிருந்தால் உங்கள் தமிழாக்கத்தையும் அதே உரிமத்தில்தான் வெளியிட வேண்டும். "வணிகமல்லாத" என்றிருந்தால், விலைக்கு விற்கும் கையேட்டில் சேர்க்க முடியாது. விக்கிப்பீடியா "அதே உரிமம்" வகை. எம்ஐடியின் திறந்த பாடங்கள் "வணிகமல்லாத, அதே உரிமம்". இந்த இரண்டிலிருந்தும் பத்திகளை எடுத்துக் கலந்து ஒரே உரையாக்க முடியாது, இரண்டு உரிமமும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாது. தனித்தனித் தாளாக வைத்தால் பிரச்சினை இல்லை.

ஒவ்வொரு தாளின் அடியிலும் தலைப்பு, ஆக்கியவர், மூல இணைப்பு, உரிமம், "தமிழாக்கப்பட்டது" என்ற குறிப்பு, இந்த ஐந்தும் இருக்கட்டும். விற்பனைக்கு வரும் வணிகப் பள்ளி நேர்வுகள் வேறு கதை. அவற்றை ஒருவருக்கு இத்தனை பிரதி என்று வாங்கித்தான் பயன்படுத்த வேண்டும், ஒளிநகல் எடுக்கக் கூடாது.

#9 முதல்வரிசை

சாட்பாட் பற்றி யாரும் தொடவில்லையே. தாள் 1ஐப் படம் எடுத்துப் போட்டாலே ஸ்னோ, பம்பு, கைப்பிடி எல்லாம் வந்து விழுந்துவிடும். பூட்டு எதற்கு?

#10 நீரோட்டம்

புகழ்பெற்ற நேர்வு எதற்கும் இந்தத் தொல்லை உண்டு. பெயர், ஊர், ஆண்டை மாற்றினாலும் கண்டுபிடித்துவிடும். எனவே ரகசியத்தை நம்பிக் கேள்வி வைக்காதீர்கள். "காரணம் என்ன?" என்று கேட்டால் விடை ஒரு சொல். "தாள் 2 மட்டும் கையில் இருக்கும்போது, கைப்பிடியைக் கழற்ற அதிகாரிகளைச் சம்மதிக்க வைக்க இன்னும் எந்த இரண்டு சான்று வேண்டும்?" என்று கேட்டால், கதை தெரிந்தவரும் யோசிக்க வேண்டும். தண்ணீர்தான் என்று முன்பே அறிந்த மாணவருக்கும், தாள் 2 அதை நிரூபிக்கவில்லை என்பது புதிய செய்திதான்.

இன்னொரு வழி: சாட்பாட் கொடுத்த விடையையே அச்சடித்துத் தாளாகக் கொடுங்கள். குழுக்கள் அதை வாக்கியம் வாக்கியமாக அட்டவணையோடு ஒத்துப் பார்த்து, ஆதாரம் உள்ளது, இல்லாதது, தவறு என்று மூன்று நிறத்தில் கோடிடட்டும். எழுத்து வேலைக்குப் பின் இரண்டு நிமிடம் வாய்மொழியாகக் கேட்பதையும் விட்டுவிடாதீர்கள். தன் தாளில் உள்ள ஒரு எண்ணைக் காட்டி "இது எங்கிருந்து வந்தது?" என்று கேட்டாலே போதும்.

#11 வகுப்புநேரம்

60 பேர் கேள்விக்கு: ஐந்து ஐந்து பேராக 12 குழு. 12 குழுவும் பேசினால் மணி அடித்துவிடும். முதலில் ஒவ்வொருவரும் தனியாக, எழுத்தில், இரண்டு நிமிடம். இதை விட்டுவிட்டால் குழுவில் சத்தமாகப் பேசுபவரின் கருத்தே குழுவின் கருத்தாகிவிடும். பிறகு கைதூக்கி வாக்கு. ஹார்வர்டு இயற்பியல் பேராசிரியர் எரிக் மஸூரின் சகமாணவர் கற்பித்தல் முறையில் (மாணவர்களே ஒருவருக்கொருவர் விளக்கும் முறை) உள்ள அளவுகோல் இங்கேயும் உதவும்: சரியான விடை 30 சதவீதத்துக்குக் கீழே என்றால் விவாதத்துக்கு விடாதீர்கள், அடிப்படையை மறுபடி சொல்லுங்கள். 70க்கு மேலே என்றால் சுருக்கமாக விளக்கிவிட்டு நகருங்கள். இடையில் இருந்தால் விவாதம் பலன் தரும். விவாதம் முடிந்ததும் மறுபடி வாக்கு.

கரும்பலகையை மூன்றாகப் பிரியுங்கள்: "தெரிந்தது", "ஊகம்", "இன்னும் வேண்டியது". மாணவர் சொல்வதை எந்தப் பத்தியில் எழுதுவது என்று வகுப்பே முடிவு செய்யட்டும். "பம்புத் தண்ணீர் கெட்டது" என்பதை "தெரிந்தது" பத்தியில் எழுதச் சொல்லி ஒருவர் கேட்பார், இன்னொருவர் "அது ஊகம்தானே" என்பார். அங்கேதான் விவாதம் பற்றிக்கொள்ளும். நான்கு குழுவை மட்டும் அறிக்கை சொல்ல அழையுங்கள், எந்த நான்கு என்று முன்கூட்டிச் சொல்லாமல். நீங்கள் சுற்றி வரும்போதே மாறுபட்ட கருத்துள்ள குழுக்களைக் குறித்துக்கொள்ளுங்கள்.

முன்னால் முடித்துவிடும் குழுவுக்கு அடுத்த தாளைக் கொடுத்துவிடாதீர்கள். பக்கத்துக் குழுவுக்கு எட்டு விநாடியில் விடை போய்ச் சேரும். "உங்கள் கருத்துக்கு எதிரான வலுவான சான்று எது?" என்று ஒரு துணைக்கேள்வியைக் கைவசம் வைத்திருங்கள்.

#12 எண்கணக்கு

மதிப்பெண். 20க்கு: சான்றைச் சரியாகக் காட்டியதற்கு 8, எதிர்ச்சான்றை நேர்மையாக எடுத்துக்கொண்டதற்கு 5, தெளிவான முடிவுக்கு 4, "இன்னும் தெரியாதது" என்ன என்று சொன்னதற்கு 3. வரலாற்றில் நடந்ததோடு ஒத்துப்போகிறதா என்பதற்கு மதிப்பெண் கிடையாது. அதற்குப் போட்டால் மறுநாளே எல்லோரும் முடிவைத் தேடிப் படித்துவிட்டு வருவார்கள், தாள்களைப் பிரித்த உழைப்பெல்லாம் வீண். இந்தப் பங்கீட்டைத் தாள் 1இன் பின்பக்கத்திலேயே அச்சிடுங்கள்.

குழுவுக்கு 20 மொத்தமாகப் போடாமல், முதல் இரண்டு நிமிடத் தனி எழுத்துக்கும் கடைசித் தனி முடிவுக்கும் போடுங்கள். இரண்டையும் அருகருகே வைத்தால் யார் மாறினார், எந்தச் சான்றால் மாறினார் என்பது தெரியும்.

#13 சுண்ணக்கட்டி

இப்படித் தொகுத்திருக்கிறேன், சரியா பாருங்கள். முந்தைய நாள்: விகிதம் பற்றிய வீடியோ, நான்கு கணக்கு. முதல் வகுப்பு: தாள் 1, 2, 3. வீட்டுவேலை: கேள்வி–பதில் மன்றத்தில் தாள் 4. இரண்டாம் வகுப்பு: தாள் 5, கணக்கு, தனி முடிவு, கடைசியில் வீடியோவில் பிழை தேடல்.

உள்ளூர்ச் சம்பவத்தை வைத்துச் சொந்தமாக நேர்வு எழுதுவதாக இருந்தால் எதைக் கவனிக்க வேண்டும்?

#14 நீரோட்டம்

தொகுப்பில் ஒரே மாற்றம். தாள் 4ஐ வீட்டுக்கு அனுப்பினால் தேதிகளைத் தேடிப் பார்த்துவிடுவார்கள். அதை இரண்டாம் வகுப்பின் முதல் பத்து நிமிடத்துக்குக் கொண்டுவாருங்கள். வீட்டுக்குத் தாள் 3இன் கேள்வியை அனுப்புங்கள், பீர் ஆலைத் தொழிலாளிகள் தப்பியதற்கு எத்தனை மாற்று விளக்கம் சொல்ல முடியும் என்று. அதில் தேடினாலும் கெடுதல் இல்லை, எண்ணிக்கைதான் முக்கியம்.

சொந்த நேர்வுக்கு: 500 சொல்லுக்குள் அடக்குங்கள். முடிவெடுக்க வேண்டிய ஒருவர், ஒரு கெடு, ஒரு அட்டவணை, ஒன்றுக்கொன்று முரணான இரண்டு சான்று. எழுதி முடித்ததும் "துரதிர்ஷ்டவசமாக", "அலட்சியமாக" போன்ற சொற்களை அடித்துவிடுங்கள், அவை தீர்ப்பை முன்னாலேயே சொல்லிவிடும். உண்மை மனிதர்கள் இருந்தால் அனுமதி வாங்குங்கள். பெயரை மட்டும் மாற்றினால் போதாது, பதவி, தேதி, இடம் மூன்றும் சேர்ந்தால் ஆளை அடையாளம் காட்டிவிடும். மூன்றில் இரண்டையாவது மாற்றுங்கள், மாற்றியிருக்கிறோம் என்பதைத் தாளிலேயே சொல்லுங்கள். விடைக்குத் தேவையான எண்களில் மட்டும் கை வைக்காதீர்கள்.

அச்சிடும்போது ஒரு சிறு விஷயம்: ஐந்து தாளையும் ஐந்து நிறக் காகிதத்தில் எடுங்கள். வகுப்பின் கடைசியில் நின்று பார்த்தாலே எந்தக் குழு எந்தத் தாளில் இருக்கிறது என்று தெரியும்.